மெனுவின் தலையில் போட்ட சுழி

இதை எழுதுகிற அளவுக்கு நான் ஆள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கிற அறையில் எழுந்து பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வராது. அடுத்தவர்கள் எழுதியதை வாசிப்பதோடு சரி என்றுதான் ஐம்பது வயதை நெருங்கும்வரை இருந்துவிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. சொல்லவேண்டிய பெண்ணிடம் அதை வாயால் சொல்லிவிட்டேன். ஆனால் பாதியை விழுங்கிவிட்டேன். விழுங்கிய பாதியும் ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் ராஜபாளையம். வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் அதை நடத்துகிறார். ஊரில் எல்லாரும் அவரை சுபேதார் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மாடியில் ஒரே அறை, எட்டு மெஷின்கள். ஒரு மில் ஆபீசில் கழித்துப்போட்டதை சுபேதார் பேசி வாங்கிவந்தார். டைப்பிங்கும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுக்கிறவர் அவர்தான். எனக்கு வகுப்பு எடுக்க வராது. திறப்பது, கூட்டுவது, மெஷின் படுத்துக்கொண்டால் எழுப்புவது, இதெல்லாம் என் வேலை. முதலில் மதுரையிலிருந்து ஆள் வரும். போன் போட்டால் பத்து நாள் கழித்து வருவார். அந்தப் பத்து நாள் சும்மா இருக்கமுடியாமல் நானே கழற்றிப் பார்க்க ஆரம்பித்து, இரண்டு வருஷத்தில் அவரைக் கூப்பிடத் தேவையில்லாமல் போய்விட்டது.

மெஷின்கள் பழசு என்பதால் காசு கொடுத்து வாங்குகிற சிஸ்டம் எதுவும் அதில் ஓடாது. இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டோம். அதோடு வருவதுதான் பூட் லோடர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வந்ததும், திரையில் படம் கிடம் வருவதற்கு முன்னால், ஒரு சின்ன புரோகிராம் எழுந்து, எதைத் தொடங்கட்டும் என்று கேட்கும். வெவ்வேறு நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அது காட்டுகிற பட்டியலுக்கு மெனு என்று பெயர். அந்தப் பட்டியலில் என்ன இருக்கவேண்டும், எது மேலே, எது கீழே, எதற்குள் எது என்று நாமே ஒரு ஃபைலில் எழுதலாம்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஓட்டலில் உட்கார்ந்தால் சர்வர் ஒரே மூச்சில் இருபது பெயர் சொல்லுவார். நான் கடைசியாகக் காதில் விழுந்ததையே கேட்பேன். அப்படியே எத்தனையோ தடவை பிடிக்காத ரவா தோசையைத் தின்றிருக்கிறேன். எங்கள் சென்டரின் மெனுவும் முதலில் அப்படித்தான் இருந்தது, பதினொரு வரி ஒரே வரிசையில். புதிதாக வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். என்னை மாதிரிக் கூச்சம் பிடித்தவர்கள் கேட்காமல் ஏதாவது ஒன்றை அமுக்கிவிடுவார்கள். அதனால் ஒரு திரையில் மூன்று வரிக்கு மேல் இருக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். முதல் திரையில் பரீட்சை, வகுப்பு, ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தவர் சுபேதார், ரிப்பேர் வேலைகள் அதற்குள். வகுப்பைத் திறந்தால் உள்ளே தமிழ், இங்கிலீஷ், கணக்கு. பரீட்சையைத் திறந்தால் ஜூனியர், சீனியர். ஒரே ஃபைல்தான் எட்டு மெஷினுக்கும். ஆனால் மெமரி குறைவாக இருக்கிற மெஷினில் கணக்கு என்ற வரியே தெரியாது, அதை அந்த மெனுவே பார்த்து மறைத்துக்கொள்ளும். இதை எழுதி முடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. கையேடு இங்கிலீஷில். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம், அகராதியோடு.

பரீட்சையை முதல் வரியில் வைக்கச் சொன்னதும் சுபேதார்தான். "பரீட்சைதாம்மா நமக்கு மானம். அது மேல நிக்கட்டும்" என்றார். பரீட்சைக்கு மெஷின் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. பழைய எழுத்து ஒன்று இருந்தாலும் காப்பி என்று சொல்லிவிடுவார்களாம். அதனால் பரீட்சைக்குள் எதைத் தேர்ந்தாலும், முதலில் மாணவர்கள் எழுதிவைத்த எல்லாவற்றையும் அழித்து, சிஸ்டத்தின் புதுப் பிரதி ஒன்றை அதன்மேல் போட்டுவிட்டுத்தான் தொடங்கும். அழிப்பதற்கு முன், நிச்சயமாகவா என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். பரீட்சை அன்று காலையில் எட்டு மெஷினிலும் எட்டுத் தடவை பதில் சொல்லவேண்டியிருக்கிறது என்று அவர் சலித்துக்கொண்டார். எடுத்துவிட்டேன். அது ஒரு படி உள்ளே இருக்கிறதே, தெரியாமல் யாரும் அங்கே போகமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். மூன்று மெஷினில் முன்பக்கப் பட்டன் அமுங்கியபடியே நின்றுவிட்டது. அதனால் எட்டையும், கரண்ட் வந்தாலே தானாக எழும்பும்படி அமைத்திருந்தேன். காலையில் சுவரில் இருக்கிற மெயின் சுவிட்சைப் போட்டால் எட்டும் ஒன்றாக எழும்பும். மெனு பத்து எண்ணும். யாரும் கீபோர்டைத் தொடாவிட்டால், நான் சொல்லிவைத்த வரியைத் தானாகத் திறக்கும். அது வகுப்பு, அதற்குள் தமிழ். நான் கூட்டிப் பெருக்கி முடிப்பதற்குள் எட்டும் தமிழ் டைப்பிங்கோடு தயாராக நிற்கும்.

அந்த வரியை எப்படிச் சொல்லிவைத்தேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரிசை எண்ணால் சொல்லியிருந்தேன். அந்த புரோகிராம் பூஜ்யத்திலிருந்து எண்ணும். பரீட்சை பூஜ்யம், வகுப்பு ஒன்று, ஆஸ்பத்திரி இரண்டு. 'ஒன்று, அதற்குள் பூஜ்யம்' என்று எழுதியிருந்தேன். வகுப்பு, அதற்குள் தமிழ்.

ஃபைலை எழுதி முடித்ததும் அந்த பூட் லோடரைப் பற்றிப் பேசுகிற ஒரு இணையக் குழுவில் போட்டேன். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாதவர்களுக்கு நான் எழுதிய முதல் கடிதம் அது. என் இங்கிலீஷ் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. எந்த நாடு என்று தெரியாத ஒருவர் பதில் போட்டிருந்தார். நன்றாக அடுக்கியிருக்கிறீர்கள் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, எண்ணால் சொல்லாதீர்கள், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் வைத்துப் பெயரால் சொல்லுங்கள், நாளைக்கு வரிசை மாறினால் எண் ஏமாற்றிவிடும் என்று இன்னொரு வரி. முதல் வரியை நூறு தடவை வாசித்திருப்பேன். இரண்டாவது வரியையும் வாசித்தேன், புரிந்தது, நன்றி என்று எழுதினேன். செய்யவில்லை. எட்டு மெஷினும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

மெனுவைத் தமிழிலேயே எழுதவேண்டும் என்று எனக்கு ஆசை. தமிழ் எழுத்தை அதற்குள் ஏற்றவும் செய்தேன். ஆனால் அந்தச் சின்ன புரோகிராமுக்கு நம் எழுத்தைச் சேர்க்கத் தெரியவில்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக நின்றது. வகுப்பு என்பதைப் பார்த்தால் எலும்பு ஒடிந்த மாதிரி இருந்தது. மனசு கேட்காமல் எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்துக்கு மாற்றினேன்.

நான் எதை எழுதினாலும் தலையில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதுவேன். மளிகைச் சீட்டுக்கும் போடுவேன். எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயமில்லை, கை தானாகப் போடும். மெனு ஃபைலிலும் போட்டிருந்தேன். மெஷின் படிக்காமல் தாண்டிப்போகிற வரி என்று ஒன்று உண்டு, நாம் குறிப்பு எழுதிக்கொள்வதற்காக. அதில் 'உ' என்று எழுதியிருந்தேன். அது அங்கேயே இருந்திருக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை வந்தது. உ என்ற எழுத்துக்குக் கொம்பும் இல்லை, காலும் இல்லை. அதைத் திரையில் காட்டினால் உடையாமல் வருமே என்று. முதல் வரியாக, எதையும் திறக்காத ஒரு வெறும் வரியாக அதைச் சேர்த்தேன். முதல் மெஷினில் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக, முழுசாக வந்து நின்றது. மெஷின் எழும்பும்போதே ஒரு தமிழ் எழுத்து. அது தாண்டிப்போகாமல் இருக்க ஒரு கீயை அமுக்கி நிறுத்திவிட்டு, சுபேதாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் அவரைக் கூப்பிட்டு எதையும் காட்டுகிறவள் இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "பரவால்லயே, சாமி கும்பிட்டுட்டுல்லா எந்திரிக்குது" என்றார். கீழே போகிற அம்புக்குறியை அமுக்கி, வகுப்பைத் திறந்து பார்த்தேன். திறந்தது. மற்ற ஏழிலும் அதே ஃபைலைப் போட்டேன்.

கையால் அமுக்கிப் பார்த்ததுதான் பிசகு. ஒரு கீயைத் தொட்டாலே பத்து எண்ணுவது நின்றுவிடும். தொடாமல் விட்டிருந்தால் என்ன நடக்கும் என்று நான் பார்க்கவேயில்லை. உ இப்போது பூஜ்யம். பரீட்சை ஒன்று. 'ஒன்று, அதற்குள் பூஜ்யம்' என்பது இப்போது பரீட்சை, அதற்குள் ஜூனியர்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசியாக அறையில் இருந்தவள் மம்சாபுரத்துப் பெண். நாலாவது மெஷின் அவளுடையது என்று ஆகிப்போயிருந்தது. வயது இருபத்தெட்டு இருக்கும். மம்சாபுரத்திலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர். அப்பா இல்லை, அம்மா தோட்ட வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து நாலரைக்கு வருவாள். அஞ்சல் வழியில் ஒரு பட்டப்படிப்பு, அதற்கு ஒரு புராஜெக்ட். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் எந்தெந்த நாளில் பள்ளிக்கு வருவதில்லை, ஏன் என்று அறுபது வீட்டில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதை வைத்து ஆறு அத்தியாயம், நேராக மெஷினிலேயே டைப் அடித்தாள். எண்பத்துச் சொச்சம் பக்கம். அடுத்த புதனுக்கு அடுத்த புதன் அந்தப் படிப்புக்கான பாடமையத்தில் கொடுக்கவேண்டும். இந்த வருஷம் பட்டம் கையில் வந்துவிட்டால் ஜூனில் நிரந்தரம் பண்ணுகிறோம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

பென்டிரைவ் சென்டருக்குள் வரக்கூடாது என்பது சுபேதாரின் இன்னொரு கண்டிப்பு, வைரஸ் பயம். ஒரு நாள் அவள் என்னிடம் வந்து, அக்கா, இதை மட்டும் ஒரு காப்பி எடுத்துக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சுபேதாரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "இங்கயே இருக்கட்டும் பிள்ள, எங்கயும் போவாது" என்று நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை மெயின் சுவிட்சைப் போட்டேன். கூட்டிப் பெருக்கி, குப்பையைக் கீழே கொட்டிவிட்டு வந்தும் மெஷின்கள் எழும்பியபாடில்லை. இன்றைக்கு என்ன இம்புட்டு நேரம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைத் துடைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகத் திரை வந்தது. பரீட்சைக்கு நான் நீலத் திரை வைத்திருந்தேன், வகுப்புக்குப் பச்சை. முதலாவது நீலம். இரண்டாவது நீலம். எட்டும் நீலமாக நின்றபோது என் கையில் துணி இருந்தது. எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே உ, பரீட்சை, வகுப்பு என்று விரலை மடக்கி எண்ணினேன். இரண்டாவது விரலில் எல்லாம் தெரிந்துவிட்டது.

நாலாவது மெஷினைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

சுபேதார் வந்ததும் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறப்பதற்குள் அவரே பார்த்துவிட்டார். நேற்று கடைசியாக யார் இருந்தது என்று கேட்டார். மம்சாபுரத்துப் பிள்ளை என்றேன். அது உண்மை. அந்த ஒரு உண்மையோடு நிறுத்திக்கொண்டேன். சனிக்கிழமை என்பதால் அவள் மத்தியானமே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள் அவர் தொடங்கிவிட்டார். இன்னும் நாலு பேர் அறையில் இருந்தார்கள்.

"ஏ பிள்ள, போறப்ப என்னத்த அமுக்கிட்டுப் போன? பரீட்சையத் திறந்தியா?"

அவள் இல்லை சார், ஷட்டவுன்தான் குடுத்தேன் என்றாள்.

"ஷட்டவுன் குடுத்தா அம்புட்டும் எப்படிம்மா போவும்? எட்டு மெஷினும் தொடச்சு வச்சாப்ல கெடக்கு."

எட்டும் போயிருக்கிறது என்றால் தன்னால் எப்படி ஆகும் என்று அவள் மெதுவாகக் கேட்டாள். ஒன்றில் அமுக்கினால் வயர் வழியாக எட்டுக்கும் போய்விடும் என்றார் அவர். அப்படிப் போகாது. ஒரு மெஷினில் அமுக்கியது இன்னொன்றுக்குப் போவதற்கு வழியே இல்லை. அந்த அறையில் அதைத் தெரிந்த ஒரே ஆள் நான். அவள் என்னைப் பார்த்தாள். நான் மூன்றாவது மெஷினின் பின்பக்கம் குனிந்து வயரைச் சரிபார்ப்பதுபோல் இருந்தேன். மெஷின்கள் சரியாகும்வரை நீ வரவேண்டாம் என்று அவர் சொல்வதும், அவள் நாலாவது மெஷின்வரை நடந்துவிட்டுத் திரும்பிச் செருப்பைப் போட்டுக்கொள்வதும், அங்கே குனிந்தபடியே கேட்டேன்.

மெனுவைத் திருத்துவதற்கு எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ஒவ்வொரு வரிக்கும் பெயர் வைத்தேன். பெயரால் சொன்னேன். அழிப்பதற்கு முன் கேட்கிற கேள்வியைத் திரும்ப வைத்தேன். இணையக் குழுவில் பதில் போட்டவர் சொன்ன அதே ஐந்து நிமிஷ வேலை.

ஞாயிறும் திங்களும் நாலாவது மெஷினின் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீட்டுப் பார்த்தேன். அழித்தது மட்டும் என்றால் கிடைத்திருக்கும். அதன்மேல் புதுப் பிரதியைப் போட்டுவிட்டதால் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து ஆறு வரி, இன்னொன்றின் அடிக்குறிப்பு. எல்லாம் சேர்த்து ஒன்பது பக்கம் தேறும். ஒரு துண்டில் ஒரு தாய் சொன்னது இருந்தது. கடலை பிடுங்குகிற மாதத்தில் மூத்தவள் வீட்டில் இருந்தால்தான் கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகமுடியும் என்று. அதற்கடுத்த வரி பாதியில் நின்றது.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். சுபேதார் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றுகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, நான் வேணும்னு செய்யல. அவசரத்துல கை பட்டுருக்கும் போல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சேன், எத அமுக்குனேன்னு எனக்கே நெனப்பு இல்ல. உங்களுக்கும் எம்புட்டு வேல வச்சிட்டேன். மத்த பிள்ளைங்களோடதும் போயிருச்சாமே."

அவள் செய்யாததை அவளே நம்பிவிட்டாள். மூன்று நாளில். நான் டிஸ்க்கை எடுத்துக் காட்டி, ஒன்பது பக்கம் கிடைத்திருக்கிறது என்றேன். அவள் அதற்கு நன்றி சொன்னாள். செத்த நேரம் உட்காரு என்றேன். வேண்டாம்க்கா, சார் வந்துருவாவ என்று போய்விட்டாள்.

புதன்கிழமை சுபேதாரிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் முழுசாகக் கேட்டார். கோபப்படவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இது யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். உங்களுக்கும் எனக்கும் என்றேன்.

"அப்ப ரெண்டு பேரோட நிக்கட்டும்."

"அந்தப் பிள்ள தான் செஞ்சதா நெனச்சுக்கிட்டு இருக்கு சார்."

"சின்னப் பிள்ளதான, மறந்துரும். மெஷின நம்ப முடியாதுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சுன்னா எட்டையும் எடைக்குத்தான் போடணும், பாத்துக்க." மேஜையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பிறகு, "நாலு பேரு முன்னால வச்சுல்லா அதச் சத்தம் போட்டேன்" என்றார். அது என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. நான் எழுந்தபோது, "நீ போயி அதுகிட்ட சொல்றதுன்னா நான் தடுக்கல. ஆனா நான் சொல்லி நீ போனதா இருக்கப்படாது" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மம்சாபுரத்தில் இறங்கினேன். வீட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கவே எனக்குப் பாதித் தைரியம் போய்விட்டது. ஒரு கடையில் நின்று வேண்டாத சோப்பு ஒன்று வாங்கிவிட்டுத்தான் வழி கேட்டேன். அவளுடைய அம்மா வெளியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, சென்டர் அக்கா வந்திருக்காவ பாரு. வாங்க தாயி. மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பாக்கது நீங்கதானா? இவ சொல்லிக்கிட்டே இருப்பா. எங்க வீட்டு மிக்சி ஒரு மாசமா மொனங்குது, அதயும் ஒரு கை பாத்துட்டுப் போங்க." சிரித்துக்கொண்டே சொன்னார். எதிர்க்கடையில் எனக்குக் குடிக்கக் கலர் வாங்க ஓடப்போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

உள்ளே தரையில் அவள் கேள்வித்தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். அறுபது வீட்டின் தாள்கள். முதல் அத்தியாயத்தை மறுபடி கையால் எழுதத் தொடங்கியிருந்தாள். நான் உட்காராமல் சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயமாக இருந்தது. நீ ஒன்றும் அமுக்கவில்லை, நான் மெனுவில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன், அதனால் வரிசை மாறி மெஷினே பரீட்சையைத் திறந்து அழித்துவிட்டது, தப்பு என்னுடையது என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். அந்த ஓட்டல் சர்வர் மாதிரித்தான் சொல்லியிருப்பேன்.

அவள் கையிலிருந்த பேனாவை மூடித் தாள்மேல் வைத்தாள். பிறகு வெளியே பார்த்து, "யம்மா, நான் அமுக்கலயாம்" என்றாள். அவள் அம்மா துணியோடு வாசலில் வந்து நின்றார். "நான் அமுக்கலயாம்மா" என்று இன்னொரு தடவை சொன்னாள்.

அம்மா என்னைப் பார்த்தார். கலரைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

"எப்பக்கா தெரியும் உங்களுக்கு?" என்று அவள் கேட்டாள்.

"நேத்துத்தான் கண்டுபிடிச்சேன்" என்றேன்.

நான் விழுங்கியது இதுதான். சனிக்கிழமை காலையில், அவள் வருவதற்கு முன்பே, எனக்குத் தெரியும். அவளை அவர் சத்தம் போட்டபோது தெரியும். செவ்வாய்க்கிழமை வாசலில் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டபோது தெரியும். முன்கூட்டியே ஒருவர் எழுதி எச்சரித்திருந்தார் என்பதையும், கேட்டுவிட்டு அழிக்கும்படி இருந்ததை நானே எடுத்தேன் என்பதையும் சொல்லவில்லை. அவள் என் பேச்சை நம்பினாள். அது எனக்குத் தெரிந்தது.

பிறகு அவள் காரியத்துக்கு வந்துவிட்டாள். ஐந்து நாளில் எண்பது பக்கம் ஆகாது, பள்ளிக்கூடத்தில் லீவும் கிடைக்காது. மெஷின் கோளாறால் போய்விட்டது என்று சென்டரிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தால் பாடமையத்தில் காட்டி ஒரு மாதம் தவணை கேட்கலாம் என்றாள். சுபேதார் கையெழுத்துப் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை. நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவளுடைய தாளில் ஒன்றை வாங்கி, அந்த சென்டரில் வேலை பார்க்கும் நான் செய்த தவறால் இவருடைய புராஜெக்ட் அழிந்துவிட்டது, இவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று ஆறு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டைப் அடிக்க நானும் கூட உட்காருகிறேன், நீ வாசி, நான் அடிக்கிறேன் என்று சொன்னேன். பார்ப்போம்க்கா என்றாள். பஸ் வரும்வரை அவள் வந்து நிற்கவில்லை. அவள் அம்மாதான் தெரு முக்குவரை வந்து, இடதுபக்கம் போங்க என்று வழி சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பாடமையத்துக்குப் போனாள். லெட்டர்பேடும் சீலும் இல்லாத கடிதம் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பருவத்தில் கொடுக்கச் சொன்னார்கள். அது டிசம்பரில்தான் வரும், ஜூனில் நிரந்தரம் ஆகாது. பன்னிரண்டரை மணிக்குப் போன் பண்ணி இதை என்னிடம் சொன்னாள். நான் சரி என்றேன்.